ஒரு கேரட் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஓவல் வடிவத்தில், 8×6 மில்லிமீட்டர் அளவில் இரண்டு கற்களைப் பார்த்திருக்கிறீர்கள். நீலக்கல்லுக்கு 1.46 கேரட் என்றும் மரகதத்துக்கு 0.99 கேரட் என்றும் எழுதியிருந்தது. மூன்றாவதாகப் பார்த்த கோமேதகத்துக்குக் கேரட்டும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை, ‘7 ரத்தி’ என்று மட்டும் போட்டிருந்தது. இதில் யாராவது ஏமாற்றுகிறார்களா, ஒரு கேரட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துக்கொள்ள அட்டவணை ஏதாவது உண்டா என்பது உங்கள் கேள்வி. உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, அளவை வைத்து எடையையும் எடையை வைத்து அளவையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான். முடியும், ஆனால் நேரடியாக முடியாது. அது என்ன கல், எந்த வடிவத்தில் வெட்டியது, எவ்வளவு ஆழம் என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். கற்களை அளந்து, எடைபோட்டு, தரம் பிரிக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே முதலில் குழம்பும் இடம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கேரட் என்பது எடை. ஒரு கேரட் என்றால் 200 மில்லிகிராம், அதாவது 0.2 கிராம். ஒரு கிராமுக்கு ஐந்து கேரட். மாணிக்கத்துக்கு ஒரு கேரட், வைரத்துக்கு வேறு கேரட் என்றெல்லாம் கிடையாது, உலகம் முழுக்க இதுதான். 1907இல் எடைகள், அளவுகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு இதை மெட்ரிக் கேரட் என்று ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா 1913இலும் பிரிட்டன் 1914இலும் இதற்கு மாறின. அதற்கு முன்னால் ஊருக்கு ஊர் கேரட் கொஞ்சம் கூடும், குறையும். லண்டனில் புழங்கிய கேரட் சுமார் 205.3 மில்லிகிராம். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரத்தைப் பற்றிப் படித்தால் பழைய குறிப்புகளில் 3,025¾ கேரட் என்றும், பிந்தையவற்றில் 3,106 கேரட் என்றும் இருக்கும். முதல் எண் லண்டன் கேரட், இரண்டாவது மெட்ரிக் கேரட். இரண்டையும் கிராமுக்கு மாற்றிப் பாருங்கள், 621 கிராமை ஒட்டித்தான் வரும். பழைய நகைகளின் காகிதங்கள் கையில் வந்தால் இது ஞாபகம் இருக்கட்டும். மெட்ரிக் கேரட் வருவதற்கு முன் எழுதிய எண்ணை அப்படியே இன்றைய கேரட்டாக எடுத்துக்கொண்டால் கணக்கு இரண்டு, மூன்று சதவீதம் தப்பும்.

கேரட்டை நூறாகப் பிரித்தால் ஒன்று ஒரு பாயின்ட். 0.25 கேரட் வைரத்தை 25 பாயின்ட் என்பார்கள். முத்துக்குப் பழைய காலத்திலிருந்து வரும் கிரெயின் என்பது கால் கேரட், அதாவது 50 மில்லிகிராம். மருந்து, தங்க எடைகளில் வரும் கிரெயின் வேறு, அது சுமார் 64.8 மில்லிகிராம். வளர்ப்பு முத்துகளை மொத்தமாக விற்கும்போது மொம்மே என்று ஒன்று வரும், அது 3.75 கிராம், 18.75 கேரட். தோலா 11.66 கிராம், ஏறக்குறைய 58.3 கேரட். பட்டை தீட்டாத கரட்டுக் கல்லைப் பெரும்பாலும் கிராமில்தான் பேசுவார்கள், ஐந்தால் பெருக்கினால் கேரட் வந்துவிடும். ஆனால் கரட்டுக் கல்லின் கேரட், வெட்டி முடித்த கல்லின் கேரட் ஆகாது. வெட்டும்போது பாதிக்கு மேல் தூளாகப் போவது சாதாரணம். தங்கத்துக்கு 22 கேரட், 18 கேரட் என்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது 24 பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு. ‘18 கேரட் மோதிரம், 1 கேரட் கல்’ என்று ஒரே வரியில் வந்தால், முதல் கேரட் சுத்தம், இரண்டாவது கேரட் எடை.

ரத்தி கொஞ்சம் தொல்லையான அலகு. குன்றிமணி விதையின் எடையிலிருந்து வந்தது. சிக்கல் என்னவென்றால், ரத்தி என்ற ஒரே பெயரில் குறைந்தது இரண்டு எடைகள் புழங்குகின்றன. தோலாவை 96ஆகப் பிரித்து வரும் ரத்தி சுமார் 121.5 மில்லிகிராம், 0.61 கேரட். ராசிக்கல் விற்பவர்கள் பலர் சொல்லும் ரத்தி அதைப் போல ஒன்றரை மடங்கு, சுமார் 182 மில்லிகிராம், 0.91 கேரட். நீங்கள் பார்த்த 7 ரத்தியை முதல் கணக்கில் மாற்றினால் 4.25 கேரட், இரண்டாவது கணக்கில் மாற்றினால் 6.37 கேரட். இரண்டு கேரட்டுக்கு மேல் வித்தியாசம்! எந்த ரத்தி என்று எழுதாத விளம்பரத்தை வைத்து யாராலும் எடையைச் சொல்ல முடியாது. விற்பவரிடம் கேரட்டில் அல்லது கிராமில் எவ்வளவு என்று கேட்பது ஒன்றே வழி. கிராமில் சொன்னால் இன்னும் நல்லது, அதில் குழப்பத்துக்கே இடமில்லை.

சரி, இப்போது உங்கள் நீலக்கல்லுக்கும் மரகதத்துக்கும் வருவோம். ஒரே நீள அகலம், வேறு வேறு எடை. இதற்குக் காரணம் அடர்த்தி. ஒரு பொருள் அதே கன அளவுள்ள தண்ணீரைப் போல எத்தனை மடங்கு எடை என்பதை ஒப்படர்த்தி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நீலமும் மாணிக்கமும் ஒரே கனிமம், குருந்தம், ஒப்படர்த்தி 4.00. மரகதம் 2.72ஐ ஒட்டி இருக்கும். வைரம் 3.52, புஷ்பராகம் என்று விற்கப்படும் டோபாஸ் 3.53, ஸ்பினல் 3.60, கோமேதகம் 3.61 வாக்கில், வைடூரியம் 3.73, ஸ்படிகமும் செவ்வந்திக்கல்லும் 2.65. மஞ்சள் புஷ்பராகம் என்ற பெயரில் மஞ்சள் நிறக் குருந்தத்தையும் விற்பதுண்டு, அப்போது 4.00 என்றே எடுக்க வேண்டும். வைரம் மாதிரி இருக்கும் கியூபிக் சிர்க்கோனியா 5.6 முதல் 6.0 வரை போகும். ஆக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தாலும் நீலக்கல், மரகதத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை இருக்கும். உங்கள் இரண்டு எண்களை வகுத்துப் பாருங்கள்: 1.46ஐ 0.99ஆல் வகுத்தால் 1.47. ஒப்படர்த்திகளை வகுத்தாலும், 4.00ஐ 2.72ஆல், அதே 1.47. இரண்டு விளம்பரங்களும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்துகின்றன. நீள அகலத்தையும் எடையையும் வைத்துப் பார்த்தவரை யாரும் ஏமாற்றியதாகத் தெரியவில்லை.

இதையே கணக்காகப் போடும் முறை ஒன்று உண்டு. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்வது நல்லது, அப்புறம் மறக்கவே மறக்காது. கல்லைச் சுற்றி ஒட்டினாற்போல ஒரு பெட்டி செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் கன அளவு நீளம் × அகலம் × ஆழம். ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீர் ஒரு மில்லிகிராம், அது 0.005 கேரட். ஆகப் பெட்டி முழுவதும் கல்லே அடைத்திருந்தால் எடை = நீளம் × அகலம் × ஆழம் × ஒப்படர்த்தி × 0.005. ஆனால் பட்டை தீட்டிய கல் பெட்டியை அடைக்காது. மூலைகள் காலி, அடிப்பகுதி கூம்பாக ஒடுங்குகிறது. ஓவல் கல் பெட்டியில் சுமார் 40 சதவீதத்தைத்தான் நிரப்பும். 0.005இல் 40 சதவீதம் 0.0020. அதுதான் ஓவலுக்கான பெருக்கு எண். உங்கள் நீலக்கல்லின் ஆழம் 3.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 8 × 6 × 3.8 = 182.4, அதை 4.00ஆல் பெருக்கினால் 729.6, அதை 0.0020ஆல் பெருக்கினால் 1.46 கேரட். அதே பெட்டியில் மரகதத்தைப் போட்டால் 182.4 × 2.72 × 0.0020 = 0.99 கேரட். உங்கள் விளம்பரங்களில் ஆழம் போட்டிருந்ததாக நீங்கள் சொல்லவில்லை, ஆனால் எண்களைப் பார்த்தால் அது 3.8ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

மற்ற வடிவங்களுக்கும் இப்படித்தான். வட்டமாகப் பட்டை தீட்டிய வண்ணக் கல்லுக்கு 0.0018, துளி வடிவத்துக்கு 0.00175, இரண்டு முனையும் கூரான மார்க்கீஸுக்கு 0.0016. மூலை வெட்டிய செவ்வகமான எமரால்ட் கட்டுக்கு 0.0025, அது பெட்டியில் பாதியை நிரப்பிவிடுகிறது. பட்டை இல்லாமல் மேடாக வழுவழுப்பாகச் செய்யும் ஓவல் கபோஷானுக்கு 0.0027 வாக்கில். வட்ட வைரத்துக்கு வெட்டும் முறை ஓரளவு ஒரே சீராக இருப்பதால் ஒப்படர்த்தியையும் சேர்த்து ஒரே எண்ணாக 0.0061 என்று வைத்திருக்கிறார்கள்: விட்டம் × விட்டம் × ஆழம் × 0.0061. உருண்டை மணிகளுக்கு மட்டும் ஊகமே தேவையில்லை. கோளத்தின் கன அளவு துல்லியமாகத் தெரியும், விட்டத்தை மூன்று முறை பெருக்கி, ஒப்படர்த்தியாலும் 0.002618ஆலும் பெருக்கினால் போதும். 8 மில்லிமீட்டர் ஸ்படிக மணி ஒன்று 3.55 கேரட், 0.71 கிராம் வரும். துளை போட்டிருந்தால் அதைவிடச் சற்றுக் குறையும்.

இந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? உலகமே அறிந்த ஒரு கல்லில் சோதித்துப் பார்க்கலாம். ஹோப் வைரத்தின் அளவு 25.60 × 21.78 × 12.00 மில்லிமீட்டர். அதன் வடிவம் பழைய பாணிக் குஷன், மூலைகள் நன்றாக உருண்டவை. ஓவலுக்கான எண்ணைப் போட்டால் 25.60 × 21.78 × 12.00 × 3.52 × 0.0020 = 47.1 கேரட். தராசில் அதன் எடை 45.52 கேரட். மூன்றரை சதவீதம் அதிகம் காட்டுகிறது. இது நல்ல பொருத்தம்தான். சாதாரணமாக 5 முதல் 10 சதவீதம் வரை வித்தியாசம் வந்தால் கவலைப்பட வேண்டாம். கல்லின் இடுப்பு, அதாவது மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் விளிம்பு, தடிமனாக இருந்தால் கணக்கைவிட நிஜ எடை கூடும். கீழ்ப் பாதி நேர்க்கோட்டில் ஒடுங்காமல் வயிறு தள்ளியிருந்தால் இன்னும் கூடும், கையால் வெட்டிய வண்ணக் கற்களில் இது சகஜம். 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அளந்ததில் தப்பு இருக்கலாம், ஆழம் தப்பாக எழுதியிருக்கலாம், இல்லையென்றால் அது சொன்ன கல்லாகவே இல்லாமலும் இருக்கலாம். எது என்று இந்தக் கணக்கு சொல்லாது. நின்று யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும்.

ஹோப் வைரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பல காலம் 44.5 கேரட் என்றே எழுதப்பட்டுவந்தது. 1974இல் நகையிலிருந்து கழற்றி எடைபோட்டபோதுதான் 45.52 என்று தெரிந்தது. அத்தனை புகழ்பெற்ற கல்லுக்கே இந்த நிலை என்றால், மோதிரத்தில் கட்டிய கல்லுக்கு எழுதித்தரும் எடையை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு முன் எடைபோட்டு எழுதி வைத்திருந்தால் அது நம்பத்தக்கது. கட்டிய பிறகு அளந்து சொன்னால் அது மதிப்பீடு. நேர்மையானவர்கள் ரசீதில் ‘தோராய எடை’ என்று எழுதிவிடுவார்கள்.

இனி ஆழம். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், விளம்பரங்களில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். 8×6 என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்தி. அதே 8×6 ஓவல் நீலக்கல், ஆழம் 2.8 மில்லிமீட்டராக இருந்தால் 1.08 கேரட், 3.8ஆக இருந்தால் 1.46, 5 மில்லிமீட்டராக இருந்தால் 1.92. மூன்றையும் மேலிருந்து பார்த்தால் ஒரே பரப்பு. மோதிரத்தில் கட்டிவிட்டால் பரப்பை வைத்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் விலை கேரட்டுக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், மூன்றாவது கல்லுக்கு முதல் கல்லைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு கொடுப்பீர்கள். அந்தக் கூடுதல் எடை முழுக்க அடி வயிற்றில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். பெரிய கல் வேண்டும் என்று கேரட்டை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதனால்தான் ஏமாற்றமாக இருக்கிறது.

அதற்காக ஆழம் குறைந்ததே நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆழம் போதாத கல்லில் வெளிச்சம் உள்ளே சுழன்று மேலே திரும்பி வராமல் அடி வழியாக நழுவிவிடும். அச்சிட்ட தாளின் மேல் கல்லை வைத்து மேலிருந்து பாருங்கள், நடுவில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அதை ஜன்னல் விழுந்த கல் என்பார்கள். நடுப்பகுதி வெளுத்து, நிறம் ஓரத்தில் மட்டும் நிற்கும். ஆழம் மிஞ்சிய கல்லில் நடுவில் இருட்டு சேரும். ஆழத்தை அகலத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஆழ சதவீதம் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு 3.8 ஆழம் என்றால் 63 சதவீதம். நன்றாக வெட்டிய வட்ட வைரம் 60ஐ ஒட்டி இருக்கும். வண்ணக் கற்கள் 60 முதல் 80 வரை பரவலாக இருக்கும். வைரத்துக்கு உள்ள மாதிரி ஒரே இலக்கு இவற்றுக்குக் கிடையாது, அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. வெளிறிய கரட்டுக் கல்லை ஆழமாக வெட்டினால் நிறம் கூடித் தெரியும். அடர்நிறக் கல்லைத் தட்டையாக வெட்டினால்தான் வெளிச்சம் தெரியும். நீலக்கல்லில் நிறம் பட்டை பட்டையாக, சில இடத்தில் மட்டும் இருக்கும். அந்த நிறப்பகுதி அடியில் மாட்டியிருந்தால் வெட்டுபவர் வயிற்றைக் குறைக்கத் துணிய மாட்டார், குறைத்தால் நிறமே போய்விடும். ஆகவே ஆழமான கல் எல்லாமே எடைக்காகச் செய்த தந்திரம் என்று சொல்ல முடியாது. நேரில் கல்லைப் பார்த்து, நிறம் எங்கே இருக்கிறது என்று பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். புகைப்படத்தை வைத்து இதைத் தீர்மானிக்க வழியில்லை.

நீங்கள் கேட்ட அட்டவணைக்கு நெருக்கமாக ஒன்று தரமுடியும் என்றால் அது வட்ட வைரத்துக்குத்தான், அதன் விகிதங்கள் சீரானவை என்பதால். 3 மில்லிமீட்டர் விட்டம் சுமார் 0.10 கேரட், 4.1 மில்லிமீட்டர் சுமார் 0.25, 5.1 முதல் 5.2 வரை அரை கேரட், 6.5 மில்லிமீட்டர் ஒரு கேரட், 8.1 முதல் 8.2 வரை இரண்டு கேரட். வட்டமான வண்ணக் கல்லில் ஆழம் 65 சதவீதம் என்று எடுத்தால், ஒரு கேரட் மாணிக்கம் 6 மில்லிமீட்டரை ஒட்டியும் ஒரு கேரட் மரகதம் 6.8ஐ ஒட்டியும் இருக்கும். இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள்: எடை இரண்டு மடங்கானாலும் விட்டம் 26 சதவீதம்தான் கூடுகிறது. நீளம், அகலம், ஆழம் மூன்றுமே சேர்ந்து வளர்வதால் வரும் விளைவு இது. விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். ‘ஒரு கேரட்டைவிட இரண்டு கேரட் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்று எதிர்பார்த்தால் அது நடக்காது, மேற்பரப்பு சுமார் 59 சதவீதம்தான் கூடும்.

கியூபிக் சிர்க்கோனியா, மாய்சனைட் போன்ற, வைரத்துக்குப் பதிலாக விற்கும் கற்களில் இன்னொரு வழக்கம் உண்டு. 6.5 மில்லிமீட்டர் கல்லை ‘ஒரு கேரட்’ என்று விற்பார்கள். ஒரு கேரட் வைரத்தின் அளவு என்பது அதன் பொருள். தராசில் வைத்தால் அதே விகிதத்தில் வெட்டிய மாய்சனைட் 0.9 கேரட் வாக்கிலும், சிர்க்கோனியா 1.6ஐத் தாண்டியும் நிற்கும். தவறு என்று சொல்ல முடியாது, வைரத்துக்கு ஈடான அளவு என்று தெளிவாக எழுதியிருக்கும்வரை. எழுதவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். அதே போல பல கற்கள் சேர்ந்த நகையில் ‘மொத்தம் 1 கேரட்’ என்று இருந்தால் எல்லாச் சின்னக் கற்களையும் கூட்டிய எடை அது. பத்துக் கற்கள் சேர்ந்து ஒரு கேரட் ஆவதற்கும் ஒரே கல் ஒரு கேரட் இருப்பதற்கும் மதிப்பில் பெரிய இடைவெளி உண்டு.

வீட்டில் எடைபோடலாமா என்றும் கேட்கத் தோன்றும். போடலாம், தராசின் நுட்பம் தெரிந்தால். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு கேரட்டில் 0.05 வரைதான் காட்டுகிறது என்று அர்த்தம். 0.29 கிராம் என்று வந்தால் நிஜம் 1.43 முதல் 1.47 கேரட் வரை எதுவாகவும் இருக்கலாம், அதுவும் தராசு சரியாக இருந்தால். பாயின்ட் கணக்கில் பேச வேண்டும் என்றால் 0.001 கிராம் காட்டும் தராசு தேவை, அது 0.005 கேரட். அதற்கு மூடி இருக்க வேண்டும், மின்விசிறிக் காற்றே எண்ணை அசைத்துவிடும். எடைபோடும் முன் கல்லைத் துடைத்துவிடுங்கள், விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் அடியில் ஒட்டிய அழுக்கும் சேர்ந்து சின்னக் கல்லில் எண்ணைச் சற்று மாற்றலாம். ஆய்வகங்கள் கேரட்டில் ஐந்து தசம இடம்வரை எடைபோட்டு, இரண்டு இடத்துக்குச் சுருக்கி எழுதுவார்கள். வைரத்தில் அந்தச் சுருக்கலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்றாவது தசமம் 9 ஆக இருந்தால் மட்டும் மேலே ஏற்றுவார்கள். 0.999 என்றால் 1.00, ஆனால் 0.998 என்றால் 0.99தான். ஒரு கேரட், அரை கேரட் போன்ற எல்லைகளில் கேரட் விலையே தாவும் என்பதால் இந்தக் கண்டிப்பு அவசியம்.

அளப்பதற்கு டிஜிட்டல் காலிப்பர் போதும். கல்லை இறுக்காதீர்கள், முக்கியமாக மரகதத்தை. அதில் உள் விரிசல்கள் அதிகம், விளிம்பு உடைந்துவிடும். நீளம், அகலம் இரண்டையும் இடுப்புக்கு இடுப்பு எடுங்கள், ஆழத்தை மேல் தளத்திலிருந்து அடி முனைவரை எடுங்கள். வட்டக் கல்லை நாலைந்து திசையில் திருப்பி அளந்து, மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் எழுதுவது வழக்கம், 6.48–6.52 × 3.95 என்பது போல. 0.1 மில்லிமீட்டர் பிழை சின்னதாகத் தோன்றும். 8 × 6 × 3.8 கல்லில் மூன்று அளவிலும் 0.1 கூடுதலாக எடுத்துவிட்டால் எடைக் கணக்கு ஐந்தரை சதவீதம் ஏறிவிடும். ஆழத்தில் செய்யும் பிழைதான் அதிகம் அடிக்கும், மூன்றில் அது சின்ன எண் என்பதால்.

எடையும் மூன்று அளவுகளும் கையில் இருந்தால், கணக்கைத் திருப்பிப் போட்டு ஒப்படர்த்தியை ஊகிக்கலாம். 8 × 6 × 3.8 ஓவல் கல், நீலம் என்று சொல்கிறார்கள், எடை 0.97 கேரட் மட்டும் என்றால் 0.97 ÷ (182.4 × 0.0020) = 2.66. குருந்தம் இவ்வளவு லேசாக இருக்காது, ஸ்படிகமோ கண்ணாடியோ ஏதோ ஒன்று என்று சந்தேகப்படலாம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் தண்ணீரில் மூழ்கவைத்து எடைபோட வேண்டும். காற்றில் 1.46 கேரட், தண்ணீரில் 1.095 கேரட் என்றால் குறைந்தது 0.365, 1.46ஐ 0.365ஆல் வகுத்தால் 4.00. ஒரு கேரட்டுக்குக் குறைந்த கல்லில் இந்த முறை அவ்வளவு நம்பகமில்லை, கல்லில் ஒட்டும் சின்னக் காற்றுக் குமிழிகூட விடையைக் கெடுத்துவிடும். இன்னொரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். செயற்கையாக ஆய்வகத்தில் வளர்த்த நீலமும் இயற்கை நீலமும் ஒரே 4.00தான். சூடு காட்டி நிறம் ஏற்றிய கல்லும் அப்படியே. எடையும் அளவும் ‘இது குருந்தமாக இருக்கலாம்’ என்பது வரை அழைத்துப் போகும். இயற்கையா, செயற்கையா, பதப்படுத்தியதா என்பதற்கு நுண்ணோக்கியும் ஆய்வகமும்தான் வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை: தராசு எடை கேரட்டில் இரண்டு தசம இடத்துக்கு, நீளம், அகலம், ஆழம் மூன்றும் மில்லிமீட்டரில், கல்லின் பெயர். மோதிரம் செய்பவருக்குக் கேரட் தேவையில்லை, அவருக்கு மில்லிமீட்டர்தான் வேண்டும். 6×4, 7×5, 8×6, 9×7, 10×8 என்று வழக்கமான அளவுகளில் இருந்தால் தயாராக இருக்கும் கூட்டில் உட்கார்ந்துவிடும், 8.3×5.7 என்றால் கூட்டைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். ஆழமும் அவருக்கு முக்கியம், வயிறு தள்ளிய கல் கூட்டின் அடியைத் தாண்டி விரலில் இடிக்கும்.

உங்கள் 7 ரத்திக் கோமேதகத்தையும் இதே வழியில் பிடித்துவிடலாம். விற்பவர் ரத்திக்கு விளக்கம் சொல்லத் தயங்கினாலும் மூன்று அளவுகளைக் கேளுங்கள். ஓவலாக இருந்து, 11 × 9 × 6 மில்லிமீட்டர் என்று சொன்னால், 594 × 3.61 × 0.0020 = 4.29 கேரட், அவர் சொல்வது 0.61 கேரட் ரத்தி. 12 × 10 × 7.3 என்று சொன்னால் 6.32 கேரட், அவருடையது 0.91 கேரட் ரத்தி. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ வந்தால் தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.